பேரழகி சிங்காரம்

ஒரு காட்டில் ஒரே ஒரு சுனை இருந்தது. அதற்கு இரண்டு கரைகள் இருந்தன. சுனைக்குக் கரை இருப்பதில் அதிசயம் இல்லை. ஆனால் இந்தக் கரைகளில் ஒன்று ஆண்களுக்கு, மற்றது பெண்களுக்கு என்று சிங்கராஜாவின் தாத்தா காலத்திலேயே பிரித்துவிட்டார்கள்.

ஆண்களுக்குப் பாறைக்கரை. அங்கே தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், எந்த நேரமும் போய்க் குடிக்கலாம். பெண்களுக்குச் சேற்றுக்கரை. ஆண்கள் எல்லோரும் குடித்து, குளித்து, கொப்பளித்து முடித்த பிறகு, பொழுது சாயும்போதுதான் அங்கே போகலாம். பெண்களைப் பாறைக்கரையில் விட்டால் தண்ணீரில் முகம் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார்கள், வரிசை நகராது என்று தாத்தா சிங்கம் காரணம் சொல்லியிருந்தது. உண்மையில் பாறைக்கரையில் நாள் முழுக்க முகம் பார்த்துக்கொண்டு நின்றது சிங்காரம் என்ற ஆண்மயில். அதனால் வரிசை நகராமல் போனதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சிங்காரத்தின் மனைவி பூங்காவனம். தவிட்டு நிறம், வெளுத்த வயிறு, குட்டை வால். முட்டையிட்டதும் அவள், அடைகாத்ததும் அவள், குஞ்சுகளுக்குப் பூச்சி பொறுக்கிக் கொடுத்ததும் அவள். சிங்காரத்துக்கு ஆடுகிற வேலை இருந்தது.

அந்த வருஷம் கோடை கொடுமையாக வந்தது. சேற்றுக்கரையில் சேறு மட்டும் மிஞ்சியது. அதைக் குடித்துக் குடித்து பூங்காவனத்தின் குஞ்சுகளுக்கு வயிற்றால் போயிற்று. கடைக்குட்டி எழுந்து நிற்கவே மறந்துவிட்டது. பூங்காவனம் அதை இறக்கைக்கு அடியில் அணைத்துக்கொண்டு, மனு கொடுக்கும் வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் காத்தாயி என்ற எருமை நின்றிருந்தாள்.

நரி மந்திரி ஒரு புற்றின் நிழலில் உட்கார்ந்து மனு வாங்கிக்கொண்டிருந்தது.

"என்ன குறை?"

"தண்ணிதான்" என்றாள் காத்தாயி. "நான் சேத்துலயே புரள்றவ. என்னாலயே குடிக்க முடியலைன்னா மத்தவங்க நெலமையை நீங்களே யோசிச்சுக்கோங்க."

"அடுத்து?"

"எனக்கும் அதேதாங்க. பிள்ளை கண்ணைத் தொறக்க மாட்டேங்குது. பாறைக்கரையில ஒரு ஓரமா ஒரு வாய் குடிச்சுட்டு வந்துடறோம்."

"அடுத்து?"

அடுத்து வந்தவர்களும் தண்ணீரையே சொன்னார்கள். நரிக்கு அலுத்துவிட்டது. வரிசையை அப்படியே நிற்கவைத்துவிட்டு ராஜாவிடம் போனது.

"மன்னா, பெண்கள் எல்லோரும் நல்ல தண்ணீர் கேட்கிறார்கள்."

"எல்லோருக்கும் கொடுத்தால் நமக்கு?"

"எல்லோருக்கும் வேண்டாம் மன்னா. அழகான ஒருத்திக்கு மட்டும் கொடுப்போம். சுனைக்குப் பின்னால் ஊற்றுக்குகை சும்மாதானே கிடக்கிறது? அதைப் பரிசாக அறிவித்து ஒரு அழகிப் போட்டி வைப்போம். ஒருத்தி ஜெயிப்பாள். மற்றவர்கள் தண்ணீர் கிடைக்காததற்கு நம்மை நோக மாட்டார்கள், தங்கள் மூக்கை நொந்துகொள்வார்கள்."

ராஜாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. இனி மனுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அழகை அளப்பதற்கு அந்தக் காட்டில் தனியாக ஆள் தேடவேண்டியதில்லை. புலவர் நாவரசர் என்ற கொக்கு இருந்தார். அவர் எழுதிய 'எழில்நல்லாள் பதிகம்' காட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். மயிலின் சாயல், குயிலின் குரல், மானின் மருண்ட பார்வை, அன்னத்தின் நடை, சிங்கத்தின் இடை, இவையெல்லாம் ஒருங்கே அமைந்தவளே பெண் என்று அது சொன்னது. கல்யாணத் தரகர்கள் அதைச் சொல்லித்தான் பெண் பார்த்தார்கள். தாய்மார்கள் அதைத் தாலாட்டாகப் பாடிவிட்டு, தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். புலவர் அதை ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். தவம் என்று எல்லோரும் நினைத்தார்கள். தனக்கு முன்னால் பாடிய புலவர்களின் பாட்டுகளை அவர் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்தப் புலவர்களும் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடியிருந்தார்கள்.

போட்டி நாள் வந்தது. ஒரு பெரிய பாறையின்மேல் மேடை. சுற்றுலாக்காரர்கள் விட்டுப்போன மைக் ஒன்றைக் குரங்கு எப்படியோ வேலை செய்ய வைத்திருந்தது. அவர்கள் விட்டுப்போன செல்போனும் அதனிடம்தான் இருந்தது. அதில் யாரைப் படம் பிடித்தாலும் கண் பெரிதாகவும் தாடை சிறிதாகவும் வரும். நடுவர்களாக ராஜா, புலவர், ஒரு சிறுத்தை, ஒரு வாத்து உட்கார்ந்தார்கள். அன்னத்தை அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை. புலவரும் பார்த்ததில்லை. வாத்து தன்னை அன்னத்தின் ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லிக்கொண்டதால், நடையைப் பார்க்கும் பொறுப்பை அதனிடம் கொடுத்திருந்தார்கள்.

முதலில் பெண்குயில் ஏறினாள். புள்ளி விழுந்த உடம்பு.

"பாடு" என்றார் புலவர்.

"கிக், கிக், கிக்" என்றாள் பெண்குயில்.

"இது என்ன விக்கல்? குயில்போலப் பாடு."

"நான்தாங்க குயிலு. பாடறது எங்க வீட்டுக்காரரு. எனக்கு இவ்வளவுதான் வரும்."

"பாட்டுக்குப் பொருந்தவில்லை" என்றார் புலவர்.

அடுத்துப் பெண்மான் வந்தாள். அவளுடைய பெரிய கண்கள் இங்கும் அங்கும் துடித்தன. புலவர் உருகிப்போனார்.

"ஆகா, இதுவல்லவா மருட்சி! இதுவல்லவா அழகு!"

"அழகு இல்லைங்க, பயம்" என்றாள் பெண்மான். "நடுவர் மேசையில சிறுத்தை உக்காந்திருக்கு. போன மாசம் எங்க அக்காவை அதுதான் தின்னுச்சு." சொல்லிவிட்டு ஒரே தாவாகத் தாவிப் புதருக்குள் மறைந்தாள். நடை தெரியவில்லை என்று வாத்து மதிப்பெண் போட மறுத்துவிட்டது.

ராணி சிங்கத்தையும் விடவில்லை. ராஜாவின் வற்புறுத்தலுக்காக அவள் மேடை ஏறினாள். புலவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இடை சரிதான். பிடரி எங்கே?"

"பெண் சிங்கத்துக்கு ஏதய்யா பிடரி?"

"பாட்டில் சிங்கம் என்றால் பிடரியோடு கூடிய சிங்கம்."

ராஜா தன் பிடரியை மெதுவாகச் சிலுப்பிக்கொண்டு, "புலவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றது. ராணி அதை ஒரு பார்வை பார்த்தாள். ராஜா வானத்தைப் பார்த்தது.

அப்புறம் பூங்காவனம் ஏறினாள். அவளுக்கு அழகியாக வேண்டும் என்ற ஆசை கொஞ்சமும் இல்லை. குஞ்சுகளைக் காத்தாயியின் நிழலில் விட்டுவிட்டு, ஊற்றுக்குகையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

"யாரம்மா நீ?"

"மயிலுங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. புலவரும் சிரித்தார்.

"நான் பாடிய மயிலுக்குக் கழுத்து நீலம். தோகையெங்கும் கண்கள். நீ கோழிக்கு உறவா?"

"நீலக்கழுத்து எங்க வீட்டுக்காரருக்குத்தாங்க. பொட்டை மயிலு இப்படித்தான் இருக்கும். எங்கம்மா இப்படித்தான். எங்க பாட்டியும் இப்படித்தான்."

"அம்மா, என் பதிகத்தில் மயிலின் சாயல் கொண்டவளே பெண் என்று இருக்கிறது. உன்னிடம் அந்தச் சாயல் இல்லை. ஆகையால் இலக்கியப்படி நீ பெண்ணே அல்ல."

மைக்கில் அது காடு முழுக்கக் கேட்டது. பூங்காவனம் இறக்கையைச் சுருக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். குரங்கு அவளைப் படம் பிடிக்கக்கூட இல்லை.

அவள் இறங்கிய அந்த நேரத்தில்தான் சிங்காரம் வந்து சேர்ந்தது. போட்டி பார்க்க வந்ததாக அது சொல்லிக்கொண்டது. கூட்டம் கூடுகிற இடத்தில் தன்னை நாலு பேர் பார்க்காமல் போவதை அதால் தாங்க முடியாது என்பதே நிஜம். யாரோ பதிகத்தின் மயில் வரியைப் பாடவும், பழக்க தோஷத்தில் தோகையை விரித்துவிட்டது.

புலவர் எழுந்து நின்றார். இரண்டு காலையும் ஊன்றி நின்றார். அவரை அப்படி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"மன்னா! பெண் கிடைத்தாள்!"

"ஐயா, நான் ஆம்பளைங்க" என்றது சிங்காரம். "அதோ நிக்கிறா, அவதான் என் பொண்டாட்டி. பிள்ளைகூட இருக்கு."

"கேட்டீர்களா? என்ன நாணம்! எத்தனை அழகாக மறுக்கிறாள்!"

மற்றவை எல்லாம் மளமளவென்று முடிந்தன. செல்போனில் சிங்காரத்துக்கு மான்விழி வந்தது. நடை பரவாயில்லை என்று வாத்து சொன்னது. குரல்தான் சிக்கலாகியது. சிங்காரம் வாயைத் திறந்து ஒருமுறை அகவியதில் முன்வரிசை முயல்கள் ஓடிவிட்டன. அதற்கும் நரி வழி கண்டுபிடித்தது. ஆண்குயிலைப் புதருக்குள் உட்காரவைத்துப் பாடவிட்டு, சிங்காரத்தை வாயை மட்டும் அசைக்கச் சொன்னது.

சிங்காரம் யோசித்தது. நிழலான குகை, தனி ஊற்று, நாள் முழுக்கப் பார்க்க ஆட்கள். ஒரு கோடைக்குப் பெண்ணாக இருந்துவிட்டுப் போனால்தான் என்ன என்று தோன்றியது. தலையைக் குனிந்து பூக்கிரீடத்தை வாங்கிக்கொண்டது. 'வனப்பேரழகி' என்று மைக்கில் மூன்றுதரம் கூவினார்கள்.

மறுநாள் பூங்காவனம் குஞ்சுகளோடு குகை வாசலுக்குப் போனாள்.

"ஏங்க, பிள்ளைங்களுக்கு ஒரு வாய் தண்ணி."

உள்ளேயிருந்து சிங்காரம் கழுத்தை நீட்டியது. "கொஞ்சம் பொறு பூங்கா. படம் புடிச்சுட்டு இருக்காங்க."

அதற்குள் காவல்நாய் குறுக்கே வந்தது. "பேரழகிக்குக் குடும்பம் கிடையாது. பிள்ளை பெற்றவள் என்று தெரிந்தால் இடையைப் பற்றிப் பேச்சு வரும். தள்ளிப் போ."

சிங்காரம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பேரழகி பேசக்கூடாது என்று குரங்கு சைகை காட்டவும், மூடிக்கொண்டது.

பூங்காவனம் கத்தவில்லை, அழவும் இல்லை. குஞ்சுகளைத் திருப்பி நடத்திக்கொண்டு போனாள். கடைக்குட்டி பாதி வழியில் சரிந்து விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு நடையைச் சேற்றுக்கரைப் பக்கத்திலிருந்து மாற்றி, உச்சி வெயிலில், எல்லோரும் பார்க்க, நேராகப் பாறைக்கரைக்குப் போனாள்.

அங்கே காட்டுப்பன்றி காவல் நின்றது.

"ஏய், ஏய்! பொம்பளைங்க இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும் அண்ணே. நான் பொம்பளை இல்லை."

"என்னது?"

"நேத்து புலவரு சொன்னாரே, கேக்கலையா? மைக்குல சொன்னாரு. இலக்கியப்படி நான் பெண்ணே அல்லவாம்."

காட்டுப்பன்றி கேட்டிருந்தது. கேட்டுச் சிரித்தும் இருந்தது. இப்போது அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு நரியைக் கூட்டிவரப் போனது. அது திரும்பி வருவதற்குள் குஞ்சுகள் தண்ணீரில் மூக்கை வைத்துவிட்டன. கடைக்குட்டிக்கு பூங்காவனம் அலகால் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். முதல் சொட்டு வழிந்தது. அடுத்ததை அது விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து அம்மாவை முறைத்தது. பூங்காவனத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

நரி மூச்சிரைக்க வந்தது. "நீ பெண்தானே? பொய் சொல்லாதே."

"நான் எங்க சொல்றேன்? பெண்ணுன்னு நீங்க சொன்னா சேத்துக்கரைக்கே போயிடறேன். அப்ப புலவரு பாட்டு தப்புன்னு ஆயிடுமே, பரவாயில்லையா?"

நரி கணக்குப் போட்டுப் பார்த்தது. பாட்டு தப்பென்றால் சிங்கத்தின் இடை வரியும் தப்பாகலாம். ராஜா அந்த வரியைத் தினமும் தூங்கப் போகுமுன் பாடச் சொல்லிக் கேட்கிறது. தவிர, பரிசும் தப்பான ஆளுக்குப் போனதாகிவிடும். அதை ஏற்பாடு செய்தது யார் என்ற கேள்வி வரும்.

"பாட்டு தப்பே இல்லை" என்றது நரி. "குடி."

செய்தி பரவ நேரமாகவில்லை. முதலில் பெண்குயில் வந்தாள். "எனக்குக் குரல் இல்லைன்னு தள்ளிட்டாங்க" என்று காவல்பன்றியிடம் சொல்லிவிட்டுக் குடித்தாள். பெண்மான் எந்த நடுவரிடமும் மதிப்பெண் வாங்காதவள் என்பதால் அவளும் வந்தாள். பிடரி இல்லாத ராணி தன் குட்டிகளோடு வந்தபோது பன்றி சல்யூட் அடித்தது. காத்தாயி போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை.

"உன்னை யாரு பெண் இல்லைன்னது?" என்று பன்றி கேட்டது.

"என்னைப் பாருய்யா. எந்தப் பாட்டுல வரேன் நான்?"

பன்றி அவளை மேலும் கீழும் பார்த்தது. வழி விட்டது. காத்தாயி தண்ணீருக்குள் இறங்கிப் படுத்தவள், சாயங்காலம்வரை எழுந்திருக்கவே இல்லை. தன் முகத்தைத் தண்ணீரில் அன்றைக்குத்தான் அவள் முதல்முதலாகப் பார்த்தாள். ஒரு தடவை பார்த்தாள், சரி என்று தோன்றியது, அப்புறம் குடிக்க ஆரம்பித்தாள்.

இப்படியாகக் காட்டில் சிங்காரம் ஒன்றுதான் பெண் என்று ஆகிப்போயிற்று.

பெண்ணாக இருப்பது அதற்கு முதல் சில நாட்கள் இன்பமாகத்தான் இருந்தது. பிறகு புலவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் கழுத்தைப் பாடினார். ஒருவர் கழுத்துக்குக் கீழே பாடினார். சிங்காரம் எதையாவது கொத்தித் தின்றால், "இடை, இடை" என்று பதறினார்கள். பறந்தால், பேரழகிக்குப் பறப்பது ஆகாது என்றார்கள். ரசிகர்கள் ஞாபகத்துக்கென்று ஆளுக்கொரு இறகை இழுத்தார்கள். "வலிக்குது" என்றால், "எப்படிச் சிணுங்குகிறாள் பார்" என்று மெய்மறந்தார்கள். யானை ஒன்று பெண் கேட்டு வந்தது. கரடி வந்தது. சிறுத்தை வந்து, கல்யாணம் செய்துகொள்ளவா தின்றுவிடவா என்று தனக்கே இன்னும் தெளிவாகவில்லை என்று சொல்லி, இரண்டுக்கும் ஒரே நாளில் முகூர்த்தம் பார்க்கச் சொன்னது.

"ஐயா, நான் ஆம்பளை!" என்று சிங்காரம் கதறியது.

"நாணம் கூடிக்கொண்டே போகிறது" என்றார்கள்.

கோடை முற்றி ஊற்றுக்குகையும் வற்றியது. சிங்காரம் தாகத்தோடு பாறைக்கரைக்கு ஓடியது. காவல்பன்றி தடுத்தது.

"பொம்பளைங்களுக்கு இங்க அனுமதி இல்லைம்மா. பொழுது சாஞ்சதும் சேத்துக்கரைக்குப் போ."

"டேய், என்னைத் தெரியலையா? நான்தான்டா சிங்காரம்! தெனம் இந்தப் பாறையிலதான் நிப்பேன்!"

"அதெல்லாம் ஜெயிக்கிறதுக்கு முந்தி" என்றது பன்றி.

சேற்றுக்கரையில் அன்று சிங்காரம் தனியாக நின்றது. குனிந்து குடித்தது. வாயெல்லாம் சேறு. எதிர்க்கரையில் தன் குஞ்சுகள் நீரைச் சிதறடித்து விளையாடுவது தெரிந்தது. அதில் கடைக்குட்டி எது என்று அதற்கு அடையாளம் தெரியவில்லை. அதற்கு ஏனோ சேற்றைவிட இது அதிகமாகத் தொண்டையில் நின்றது.

மறுநாள் அது ராஜாவிடம் போய் முறையிட்டது. பாட்டைத் திருத்தவேண்டும், பெண்ணைப் பெண் என்று எழுதவேண்டும், தன்னை விட்டுவிட வேண்டும் என்று காலில் விழுந்தது. காட்டின் இளவட்ட ஆண்களும் கூடவே வந்தார்கள். காட்டில் வேறு பெண்ணே இல்லாததால் தங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அவர்கள் குறை. ராஜா சபையைக் கூட்டிப் புலவரை அழைத்தது.

நாவரசர் கெட்ட மனிதர், மன்னிக்கவும், கெட்ட கொக்கு இல்லை. சொன்னதைக் கேட்டதும் அவர் மனம் இளகியது.

"நான் குறுகிய பார்வை உடையவன் ஆகிவிட்டேனோ?" என்றார். "காலம் மாறுகிறது. நானும் மாறுகிறேன். பதிகத்தில் புதிதாகச் சில பாட்டுகள் சேர்க்கிறேன். தவிட்டு நிறமும் அழகே. கருத்த மேனியும் அழகே. அகன்ற இடையும் அழகே. எருமையும் ஓர் எழிலே!"

ஆண்கள் கை தட்டினார்கள். சிங்காரம் அழுதுகொண்டே கை தட்டியது. பெண்கள் தட்டவில்லை. பிறகு காத்தாயி மெதுவாக எழுந்தாள்.

"ஐயா, நாங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினோம்?"

புலவர் திகைத்தார். "அம்மா, உன்னைத்தான் புகழ்ந்தேன்."

"அதைத்தான் கேக்கறேன். நான் பாட்டுக்கு நல்ல தண்ணி குடிச்சுட்டு இருக்கேன். நீங்க என்னை அழகுன்னு பாடினா நாளைக்கே சேத்துக்கரைக்கு அனுப்பிடுவாங்க. ஆனை வந்து பொண்ணு கேக்கும். திங்கும்போது நீங்க வந்து இடுப்பைப் பாப்பீங்க. வேணாம் சாமி. எருமை எருமையாவே இருந்துட்டுப் போறேன்."

"கலை நயம் மிகுந்த ஒரு பாட்டு..." என்று புலவர் இழுத்தார்.

"ஒரு எழுத்தை மாத்தினீங்கன்னா பாருங்க" என்றாள் பெண்குயில். ராணி எழுந்து நின்று சோம்பல் முறித்தாள். ராஜா உடனே, "புலவர் நன்றாக யோசித்து அப்புறம் சொல்லட்டும்" என்று சபையைக் கலைத்துவிட்டது.

பூங்காவனம் இரண்டு பக்கமும் யோசித்தாள். பாட்டைத் திருத்தினால் குஞ்சுகளுக்குத் தண்ணீர் இல்லாமல் போகும். திருத்தாவிட்டால் குஞ்சுகளின் அப்பன் சிறுத்தையிடம் போவான். அவன் அப்படி ஒன்றும் உருப்படியான அப்பன் இல்லைதான். இருந்தாலும் சிறுத்தைக்குக் கொடுக்கிற அளவுக்கு அவளுக்கு மனம் வரவில்லை. சிங்காரத்தின் பின்னாலேயே போய் ஒரு புதரோரம் அதை நிறுத்தினாள்.

"இங்க வா. திரும்பி நில்லு."

"எதுக்கு?"

"அந்தத் தோகைதானே உன்னைப் பொம்பளையாக்குச்சு?"

சிங்காரத்துக்குப் புரிந்தது. தோகையைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது. "பூங்கா! வேணாம் பூங்கா! அது போச்சுன்னா நான் யாரு?"

"தாகம் எடுத்தா தண்ணி குடிக்கிறவன். போதாதா?"

"வலிக்குமே!"

"இவ்வளவு நாளா ஊர்ல உள்ளவன் எல்லாம் பிடுங்கினப்ப தாங்கிக்கிட்டுத்தானே நின்னே? பல்லைக் கடிச்சுக்க."

"எனக்கு ஏது பல்லு?"

அவள் தோகையோடு கழுத்து நீலத்தையும் சேர்த்துப் பிடுங்கினாள். சிங்காரம் அகவிய அகவலில் மரத்திலிருந்த வௌவால்கள் எல்லாம் எழுந்து சுற்றின. கடைசி இறகும் போனபிறகு, அது குட்டை வாலோடு, உடம்பெல்லாம் எரிய, தரையில் குந்தியது.

"இப்ப நான் எப்படி இருக்கேன்?"

பூங்காவனம் அதைச் சுற்றிவந்து பார்த்தாள். "என்னை மாதிரி இருக்கே."

சிங்காரம் ஓவென்று அழத் தொடங்கியது. அழுகை ஓய்கிறவரை அவள் காத்திருந்தாள். அப்புறம் அதைக் கூட்டிக்கொண்டு பாறைக்கரைக்குப் போனாள். காவல்பன்றி ஏறிட்டுப் பார்த்தது. பார்க்கிறமாதிரி ஒன்றும் இல்லாததால் உள்ளே விட்டுவிட்டது. சிங்காரம் தண்ணீரைக் குனிந்து பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. குஞ்சுகள் வந்து யார் இது என்று பார்த்தன.

"உங்கப்பாதான்" என்றாள் பூங்காவனம். "சாயங்காலம்வரைக்கும் இவரோட இருங்க. எனக்குக் கொஞ்சம் தூக்கம் வேணும்."

வனப்பேரழகியைக் காணவில்லை என்ற செய்தி காட்டை உலுக்கியது. குகை வாசலில் ஒரே ஒரு நீல இறகு கிடந்தது. சிறுத்தை தின்றிருக்கும் என்று யானை சொன்னது. தின்றிருந்தால் எனக்குத் தெரியாதா என்று சிறுத்தை அழுதது. நாவரசர் மூன்று வேளையும் பட்டினி கிடந்து ஓர் இரங்கற்பா எழுதினார். அழகி இருக்கும்போது எழுதியதைவிட அவள் போனபிறகு எழுதியது பல மடங்கு நன்றாக வந்தது. ஆண்கள் அதைப் பாடிப் பாடிக் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் குட்டை வாலோடு நின்ற சிங்காரமும் தன்னை மறந்து அழுதது.

மழை வந்தது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து புலவருக்குப் பெரிய விழா எடுத்தார்கள். பாறைக்கரையிலேயே பந்தல். அவருக்குத் தாமரைத்தண்டு மாலை போட்டார்கள், கூடை நிறைய மீன் கொடுத்தார்கள். பதிகத்தில் இனி ஓர் எழுத்தையும் யாரும் மாற்றக்கூடாது என்று ராணி முன்மொழிய, எல்லாப் பெண்களும் எழுந்து நின்று ஆமோதித்தார்கள். காட்டில் அதுவரை எந்தத் தீர்மானமும் அவ்வளவு சீக்கிரம் நிறைவேறியதில்லை.

புலவருக்கு நா தழுதழுத்தது. "என்னை விமரிசகர்கள் புரிந்துகொள்ளவில்லை. பெண்கள் புரிந்துகொண்டார்கள். உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?"

"உங்க பாட்டுல வர்றவளை இன்னும் கொஞ்சம் பாடுங்க ஐயா" என்றாள் காத்தாயி. "இடுப்பு அந்த அளவுக்குச் சிறுத்தாப் போதாது. இல்லவே இல்லைன்னு வெச்சுடுங்களேன்."

"கழுத்து சங்கு மாதிரியும் இருக்கணும், மூங்கில் மாதிரியும் இருக்கணும்" என்றாள் பெண்மான்.

"கால் தரையில படக்கூடாது" என்றாள் பூங்காவனம். கடைக்குட்டி அவள் முதுகில் ஏறி நின்று தலையைக் கொத்திக்கொண்டிருந்தது.

புலவர் நெகிழ்ந்துபோய், ஒற்றைக் காலைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டார். அவர் பாடத் தொடங்கியதும் பெண்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கினார்கள்.

நீதி: பெண்கள் எல்லோரும் ஒருமனதாக ஒரு புலவரைக் கொண்டாடுகிறார்கள் என்றால், அவர் பாட்டில் அவர்களில் ஒருத்திகூட இல்லை என்று அறிக.